கேட்பார் வந்த ஊர்

கள்ளிமேட்டுப்பாளையத்தில் வாசலுக்கு வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் நீங்கள் யாரென்று கேட்பார்கள், வந்தவன் ஓட்டுக் கேட்க வந்தாலும் சரி, கோழி திருட வந்து மாட்டிக்கொண்டாலும் சரி. ஆகவே ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மேல்காற்று தகரக் கூரைகளைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்த காலையில், ஊரிலிருந்த ஒவ்வொரு ஸ்மார்ட்போனுக்கும் ஒருவராக, இஸ்திரி மடிப்புக் கலையாத இளநீலச் சட்டைக்காரர்கள் வீடு வீடாக நுழைந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, எல்லா வீட்டிலும் முதலில் தண்ணீர்தான் கொடுத்தார்கள்.

அவர்கள் சொம்பை வாங்கிக்கொண்டார்கள், குடிக்கவில்லை. காற்றுக்கு அவர்கள் தலைமயிர் அசையவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் கோகிலவாணியின் வீட்டுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவளுடைய போனுக்கு ஒருவர், மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் தண்டபாணியின் போனுக்கு ஒருவர். தண்டபாணியோடு வந்தவருக்குத் தண்டபாணியைப் போலவே லேசான தொந்தி இருந்தது.

"ஏனுங், நீங்க எந்த ஊருங்க? ஆரு ஊட்டுக்கு ஒறம்பரையா வந்தீங்க?" என்று கோகிலவாணி தன் ஆளிடம் கேட்டாள்.

"நீங்கதானுங்க வரச் சொன்னீங்க" என்றார் அவர், தேன் தடவிய குரலில். "நீங்க பேசறதக் கேக்கலாமான்னு கேட்டோம், சரின்னு அமுக்குனீங்க. நீங்க பாக்கறதப் பாக்கலாமான்னு கேட்டோம், சரின்னீங்க. எங்க போறீங்க, எங்க வர்றீங்கன்னு தெரிஞ்சுக்கலாமான்னு கேட்டோம், அதுக்கும் சரின்னீங்க."

"அது டார்ச்சு லைட்டுக்குங்க. கரண்டு போச்சுதுன்னு அவசரத்துல சும்மா அமுக்குனது."

"சும்மா சொன்னாலும் சரின்னா சரிதானுங்களே அம்மிணி."

வாக்குக் கொடுத்துவிட்டால் மாட்டை விற்ற பிறகும் கன்றை வளர்த்துக் கொடுக்கிற ஊர் அது. தண்டபாணி, "சோறு தின்பாங்களா?" என்று பெண்டாட்டியிடம் கேட்டான். தின்ன மாட்டார்கள் என்றதும், "அப்பறம் என்ன, இருந்துட்டுப் போகட்டும்" என்று கடையைத் திறக்கப் போய்விட்டான். அவனுடைய தொந்திக்காரர் பின்னாலேயே போய் டி.வி.எஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஊர் அவர்களுக்குக் கேட்பார் என்று பெயர் வைத்தது. அதற்கு முன்னால் அந்த ஊரில் ரோட்டுக் குழி கேட்பாரற்றுக் கிடந்தது, ரேஷன் கடை கேட்பாரற்றுக் கிடந்தது, பெண்டாட்டிமார் பேச்சு எல்லாவற்றையும்விடக் கேட்பாரற்றுக் கிடந்தது. இப்போது அடுப்படியில் நின்று நாத்தனாரைத் திட்டினால் திட்டு முடியும்வரை கண்ணெடுக்காமல் கேட்க ஒருவர் இருந்தார், நடுவில் கொட்டாவி விடவில்லை, "சரி சரி, விசயத்துக்கு வா" என்று சொல்லவில்லை, திட்டி முடித்ததும் "அப்பறமுங்க?" என்றார். ஐப்பசி பிறப்பதற்குள் பெண்களின் தலைவலி பாதி குறைந்துவிட்டதென்று மருந்துக்கடைக்காரரே சொன்னார். சாவி எங்கே என்று கேட்டால் கேட்பார் சொன்னார், கேஸ் சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்று சொன்னார், கல்யாண நாளை மறந்துவிட்டு நிற்கிற புருஷன்மார் காதில் சமயம் பார்த்து முணுமுணுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் தோட்டம் எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிட்டு வீட்டில் எத்தனை கேட்பார் என்றும் கேட்டார்கள். பட்டன் போன் வைத்திருந்த சிலர், தங்களைக் கேட்க நாதியில்லையே என்ற வெட்கத்தில், வீட்டுக்கு வெளியே காலி நாற்காலி போட்டு வைத்தார்கள்.

பொழுது சாயும்போது கேட்பார்கள் எல்லோரும் எழுந்து வரிசையாகச் சந்தைத் திடலுக்குப் போனதையும், அங்கே வெளியூர் வியாபாரிகள் வெள்ளை வேன்களின் நிழலில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றதையும், கேட்பார்கள் அந்தக் காதுகளுக்குள் வெகுநேரம் குசுகுசுத்ததையும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரிய மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள், நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். ரைஸ்மில் அவிநாசியப்பன் ஒருநாள் கக்கூஸில் உட்கார்ந்தபடி, வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் போனிடம் மட்டும் தன் மூலத்தைப் பற்றி விசாரித்தார். மறுநாள் அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே மூன்று வைத்தியர்களும், நடுவில் ஓட்டை வைத்த தலையணை விற்பவன் ஒருவனும், துத்தி இலைக் கட்டோடு ஒரு கிழவியும் கேட்டுக்கு முன்னால் நின்று, "மூலமுங்க! மூலமுங்க!" என்று வீதி அதிரக் கூப்பிட்டார்கள். அவிநாசியப்பன் வெட்கத்தில் மில்லுக்குள் ஒளிந்துகொண்டார். ஆனால் அதே வாரத்தில் கோயில் பூசாரிக்குத் தலைமயிர் முளைக்கிற எண்ணெய் வந்தது, கராத்தே மாஸ்டருக்குப் பயம் போக்கும் தாயத்து வந்தது, ஊராட்சித் தலைவருக்கு இங்கிலீஷில் பொய் சொல்லாமல் பேச முப்பது பாடம் வந்தது. ஊரே அம்மணமாக நின்றபோது யாருக்கும் யாரையும் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. இதில் நிஜமாகவே நொடித்துப்போனது நாகரத்தினம் ஒருத்திதான். வெற்றிலைக்கடை வைத்துக்கொண்டு, வெற்றிலையைவிட அதிகமாக ஊர் வம்பை விற்றுவந்தவள் அவள். "எல்லாரு ஊட்டுச் சங்கதியும் வேனுல வந்து எறங்குது. இனி என்ர வாயிக்கு என்ன வேலை?" என்று அவள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கோகிலவாணிக்கும் தண்டபாணிக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தை இல்லை. பழனிக்கு நடந்தார்கள், ஈரோட்டில் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள், பிறகு இரண்டையும் விட்டுவிட்டு, ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்காமல் இருப்பதே பெரிய பாடு என்று இருந்துவிட்டார்கள். கார்த்திகையில் ஒருநாள் கோகிலவாணி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையிலிருந்த அட்டையில் இரண்டு கோடுகளைப் பார்த்தாள். நம்ப முடியாமல் இரண்டாவது கோடு மங்கலாக இருந்தால் என்ன அர்த்தம் என்று போனில் தேடினாள். கதவுக்கு வெளியே அவளுடைய கேட்பார் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

தண்டபாணி மத்தியானச் சோற்றுக்கு வரும்போது சொல்ல வேண்டும், இலையைப் போட்டு முதலில் கொஞ்சம் சர்க்கரையை வைத்துவிட்டு, அவன் ஏன் என்று கேட்டதும் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டே இலை அறுக்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் வாசலில் தொட்டில்காரன் நின்றான். தேக்குத் தொட்டில், மூங்கில் தொட்டில், பேட்டரியில் தானாக ஆடும் தொட்டில். "வாழ்த்துக்கள் அம்மிணி!" என்றான் அவன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். தெருமுனையில் கிரைப் வாட்டர்காரன் மணியடித்துக்கொண்டு வந்தான்.

தண்டபாணி சோற்றுக்கு வந்தபோது கையில் ஒரு ஜோடி பஞ்சுக் காலுறை இருந்தது.

"கடைக்கு வந்த ஒருத்தன் குடுத்துட்டுப் போனான்" என்றான். சிரித்துக்கொண்டே காலுறையை விரலில் மாட்டிப் பார்த்தான், பிறகு கழற்றிச் சுருட்டினான். "எனக்கு மொதல்ல சொல்லியிருக்கலாம்ல, கோகிலா?"

"உங்களுக்குத்தானுங்க மாமா மொதல்ல சொல்லலாம்னு..." அவள் இலையில் சர்க்கரையை வைத்தாள். அவன் அதை நக்கினான். இரண்டு கேட்பார்களும் கூடத்தில் உட்கார்ந்து ஆமோதித்துத் தலையாட்டினார்கள். மார்கழிக் கடைசியில் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தபோது அந்தப் படத்தைக் கோகிலவாணி போனில் பிடித்து வந்து காட்டினாள், தண்டபாணியும் தலையாட்டினான்.

தையில், பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், வயிற்றிலிருந்தது போய்விட்டது. வலி வந்த அவசரத்தில் எதிர்வீட்டு ஆட்டோவில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனபோது போன்கள் இரண்டும் பிரிட்ஜுக்கு மேல் கிடந்தன. போன் இல்லாத இடத்துக்குக் கேட்பார்கள் வருவதில்லை. ஈரோட்டு டாக்டரம்மாவும் எல்லாவற்றையும் கையால் எழுதுகிறவர், அங்கே நடந்தது எந்தப் போனுக்கும் எட்டவில்லை. வெறும் வயிற்றோடு கோகிலவாணி வீட்டுக்குத் திரும்பியபோது அவளுடைய கேட்பார் நாற்காலியிலிருந்து எழுந்து, "உடம்ப நல்லாப் பாத்துக்கங்க, மாசமா இருக்கறப்ப வெளிய அலையப்படாது" என்றார்.

கூடத்தில் ஒருவரும் அடுப்படியில் ஒருவரும் காதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீட்டில் அழுவதற்கும் இடமில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் அவளிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள், அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வியாபாரிகள் வந்துகொண்டே இருந்தார்கள். நான்காம் மாசத்துக்கு மாதுளை வந்தது, ஐந்தாம் மாசத்துக்குத் தளர்வான நைட்டி வந்தது, வளைகாப்புக்கு வளையல்காரர் ஐந்து நிறத்தில் வளையல் கொண்டுவந்து கையைக் கேட்டார்.

அன்றைக்கு அவள் கேட்பார் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"இவியள வர வேண்டாமுன்னு சொல்லுங்க."

"ஏனுங்க?"

"ஏன்னு சொல்லமாட்டேன்."

"ஏன்னு தெரியாம நான் என்னத்தச் சொல்றதுங்க? நீங்க பேசுனது, எழுதுனது, தேடுனது, இதுதானுங்க எனக்குத் தெரியும். வேற ஏதாச்சும் நடந்திருந்தா என்கிட்டச் சொல்லுங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், அவர் கெட்டவர் இல்லை. "ஆனா ஒண்ணுங்க அம்மிணி. சொன்னீங்கன்னா, அதுக்கும் விக்கற ஆளு வருவாங்க."

இது ஒன்றைத்தான் கோகிலவாணி இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். இதற்கும் ஒருவன் மணியடித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பான் என்று நினைத்தபோது அவள் வாய்க்குள்ளிருந்து, அவளே எதிர்பாராமல், வேறொன்று வந்தது.

"நாங்க ஒரு யானை வாங்கப் போறமுங்க" என்றாள்.

"யானைங்களா?"

"பொட்டை யானை. மாமாவுக்கு ரொம்ப நாளா ஆசை."

மறுநாள் விடியலில் தெரு அடைத்துக் கரும்பு லோடு நின்றது. யானை மணி வந்தது, நெற்றிப்பட்டம் வந்தது, யானைக்கு உயிர்க் காப்பீடு எழுதும் டை கட்டிய ஆள் வந்தார், பாகன் ஒருவர் பாலக்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கித் தங்க இடம் கேட்டார். தண்டபாணி பல்குச்சியோடு வெளியே வந்து பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் கண்ணைச் சிமிட்டினாள். அவன் சிரித்த சிரிப்பில் பல்குச்சி கீழே விழுந்தது. பொங்கலுக்கு அப்புறம் அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை. கரும்பை ஊர்ப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். பொழுது சாய்ந்ததும் தண்டபாணி தன் தொந்திக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நான் சாமியாராப் போறனுங்க, யானை மேல" என்றான்.

காவித் துணிக்காரனும் கமண்டலக்காரனும் வந்து நின்றதைப் பார்த்த பிறகு ஊருக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. அவிநாசியப்பன் தனக்கு மூலம் குணமாகி அந்த இடத்தில் வால் முளைத்துவிட்டதாகச் சொன்னார். வாலுக்குச் சீப்பு வந்தது. பூசாரி கப்பல் ஓட்டக் கற்றுக்கொள்வதாகச் சொன்னார்; ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாத அந்தக் கரட்டு பூமிக்கு லாரியில் நங்கூரம் வந்தது. நாகரத்தினத்துக்கு மறுபடியும் தொழில் களைகட்டியது, ஏனென்றால் சொந்தமாகப் பொய் சொல்லத் தெரியாத அப்பாவிகள் அவளிடம் வெற்றிலை வாங்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணு சொல்லுக்கா" என்று கேட்டுக் கற்றுக்கொண்டு போனார்கள். அவளும் ஆளுக்குத் தகுந்த மாதிரி, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல, பொய் சொல்லிக் கொடுத்தாள். கேட்பார்கள் எல்லாவற்றையும் அதே மரியாதையோடு கேட்டார்கள், அதே மரியாதையோடு திடலுக்குக் கொண்டுபோனார்கள். பாகன் மட்டும் வேறு வழியில்லாமல் தண்டபாணி கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்தார், நன்றாகவே தூக்கினார்.

ஆனி கடைசியில் வியாபாரிகள் திரண்டு வந்து ஊர்க்கூட்டம் கேட்டார்கள். விற்காத நெற்றிப்பட்டமும் நங்கூரமும் திடலில் குவிந்து கிடந்தன. அவர்களில் மூத்தவர், தங்கப் பல் வைத்தவர், எழுந்து நின்று கண் கலங்கினார்.

"நம்பிக்கைதானுங்க யாவாரத்துக்கு அச்சாணி. உங்கள நம்புனமுங்க. நீங்க வாயத் தொறந்து பேசற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்னு நம்புனோம். இப்படிக் கழுத்தறுக்கலாமுங்களா?"

"நாங்களும் ஊட்டுக்குள்ள பேசறது ஊட்டுக்குள்ளயே இருக்கும்னு நம்பித்தானுங்க பேசுனோம்" என்றான் தண்டபாணி.

"அது வேறங்க" என்றார் தங்கப்பல்.

இனிமேல் இந்த ஊர்க் கேட்பார்கள் எங்களுக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வியாபாரிகள் வேன்களைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். தொட்டில்காரனும் அவன் கூட்டாளிகளும் மட்டும் போகவில்லை. ஊர் முழுக்கப் பொய்யாகிவிட்ட பிறகும் கோகிலவாணி கார்த்திகையில் தேடியது ஒன்று நிஜமாக இருக்கிறதே, அதை நம்பி இருந்தார்கள்.

ஊர் கூடி, கேட்பார்களை அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தது. ஆளுக்கு ஒரு தேங்காய், இரண்டு பழம், வெற்றிலை பாக்கு கொடுத்து, எல்லோரும் கைகூப்பி, "போயிட்டு வாங்க" என்றார்கள். கேட்பார்கள் பஸ் ஸ்டாப்வரை போனார்கள், திரும்பி வந்தார்கள்.

"போயிட்டு வந்துட்டமுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

மறுபடியும் அனுப்பினார்கள். மறுபடியும் வந்தார்கள். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து வெறுமனே "போ" என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு வளையாது. அந்த வார்த்தையைச் செத்துப்போனவர்களுக்குக்கூட அங்கே சொல்ல மாட்டார்கள். சாவியை எடுத்துக் கொடுக்கவாவது ஆள் வேண்டுமில்லையா என்று ஒவ்வொரு வீடாகச் சமாதானம் சொல்லிக்கொண்டது.

ஆடி பிறந்து, எந்த நாளில் குழந்தை பிறந்திருக்க வேண்டுமென்று கேட்பார் கணக்குப் போட்டிருந்தாரோ அந்த நாளில், வெள்ளிக்கடைக்காரர் ஒருவர் சின்னத் தட்டும் கிண்ணமும் ஊசிமுனை உளியும் கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்தார். வெயில் ஏறாத நேரம், தெருவில் எல்லோரும் இருந்தார்கள். அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

"கொழந்தைக்குப் பேரு என்ன எழுதறதுங்க?"

கோகிலவாணி உள்ளே போனாள். கேட்பார் முன்னால் நின்றாள்.

"எந்திரிங்க" என்றாள். "போங்க."

"போயிட்டு வரட்டுங்களா?"

"வர வேண்டாம். போங்க."

கேட்பார் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"ஆஸ்பத்திரில எடுத்த அந்தப் படம் என்கிட்டத்தானுங்க இருக்குது" என்றார். "ஸ்கேன் படம். காயிதம் டாக்டரம்மாகிட்டவே இருந்துட்டுது, போன்ல எடுத்தது மட்டுந்தான் உங்களுது. நான் போனா அது என்கூட வந்துருமுங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கடைக்காரர் ஏதோ புரிந்தவராக உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் எழுந்து போய்விட்டார். பிறகு அவள், "ஒருக்காக் காட்டுங்க" என்றாள். கேட்பார் குனிந்து உள்ளங்கையை விரித்தார். அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள், குழம்பில் உப்புப் பார்ப்பதுபோலக் கண்ணை மூடி ஒருமுறை மனசுக்குள் பார்த்துக்கொண்டு, திறந்து மறுபடியும் பார்த்தாள்.

"போதுமுங்க. போங்க."

அவர் போனார். கடையில் செய்தி கேட்ட தண்டபாணி தன்னுடைய தொந்திக்காரரைத் திரும்பிப் பார்த்து, "நீங்களுந்தானுங்க. அவரு போற தடத்துலயே போயிருங்க" என்றான். ஊரில் மற்ற யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவிநாசியப்பன் அன்று சாயங்காலமே மூக்குக்கண்ணாடி எங்கே என்று தன் கேட்பாரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கோகிலவாணி வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் தீவனக் கடைக்கு நடந்தாள். பாகன் லோடு இறக்கப் போயிருந்தார். புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்தார்கள். கேட்க ஒருவரும் இல்லாத அந்த அமைதி காதில் வலித்தது.

"அந்தப் படத்துல என்ன இருந்துச்சு?" என்று தண்டபாணி கேட்டான். "அன்னைக்கு நீ காட்டுனப்ப எனக்கு ஒண்ணுமே புரியல. கருப்பா மழைமோடம் மாதிரி இருந்துது. நீ சந்தோஷமா இருந்தியேன்னு புரிஞ்ச மாதிரித் தலையாட்டிட்டேன்."

"பொய்யா தலையாட்டுனீங்க?"

"ஆமா."

அவள் தவிட்டுக் குவியலை உள்ளங்கையால் நிரவி, விரலால் வரைந்தாள். "இது தலைங்க மாமா. இங்க வளைஞ்சு இப்படி முதுகு. இத்தூண்டு, பச்சைப்பயறு மொளவிட்ட மாதிரி. இது கையி."

"கையிருந்துச்சா?"

"இருந்துச்சு. மூக்குக்கூட உங்களுதுதான்."

"அதுக்குள்ள மூக்கா?"

"எனக்குத் தெரிஞ்சுதுங்க."

அவன் தவிட்டின் மேல் குனிந்து மூக்கைத் தேடினான். அப்போது நாகரத்தினம், போனை வெற்றிலைக்கடையிலேயே விட்டுவிட்டு, தன் எருமைக்குத் தவிடு வாங்கக் கூடையோடு உள்ளே வந்தாள், இருவர் முகத்தையும் பார்த்து நின்றாள். கடைக்கு வந்தவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தண்டபாணி வாயைத் திறந்தான். அத்தனை மாதமாகப் பேசிப் பழகிய பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"எங்க கொழந்தை போயிருச்சுங்க அக்கா" என்றான். "தையில."

"தெரியும் சாமி" என்றாள் நாகரத்தினம். "ஊருக்கே தெரியும். ஆட்டோக்காரன் பொண்டாட்டி அன்னைக்கே சாடையில சொன்னா. கேட்பாருக காதுல உளுந்துறப்படாதுன்னுதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல. இந்த வாயே தொறக்கலீன்னாப் பாத்துக்க."

கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் கோகிலவாணியின் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். தவிட்டில் படாமல் சேலையை ஒதுக்கிக்கொண்டு, எட்டிப் பார்த்து, "மூக்கு எங்க இருக்குது, காட்டு" என்றாள்.